கடையை விட்டு வந்த கீரி

காட்டுச் சந்தையில் பெரிய கடை ஒன்றுக்குப் பதினெட்டு வருஷம் மேனேஜராக இருந்த கீரி, அந்த வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தது. கூட வேலை பார்த்த முயல்களெல்லாம் சின்ன வயசு. "மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிடும். சாப்பாட்டு நேரத்தில் தங்களுக்குள் கூடிக்கொள்ளும். கடையில் தினமும் பார்த்த முகங்களில் ஒன்றுகூட அதைத் தேடி வரவில்லை.

ஒரு மத்தியானம், சிறகொடிந்த கிழட்டுக் கூழைக்கடாவுக்குக் கட்டு மாற்றி முடித்ததும், கீரி பழைய பழக்கத்தில் சிரித்துக்கொண்டே கேட்டது:

"வேற ஏதாவது வேணுங்களா?"

கூழைக்கடா கொஞ்சம் தயங்கியது. "செத்த நேரம் உட்காரும்மா. காலையிலேர்ந்து யார்கூடவும் பேசல."

இத்தனை வருஷத்தில் கீரியை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"நானும்தான் ஐயா," என்றது.