உறைக்குள் ஒளிந்த ஒயர்

குளிர்ந்த மலைச்சாலைகளில் ஓடிய பழைய கார் ஒன்று இருந்தது. அதன் பின்கண்ணாடியில் மெல்லிய சூட்டுக்கோடுகள் உண்டு. ஓட்டுபவர் சுவிட்சைத் தட்டினால் கோடுகள் சூடாகி, கண்ணாடியில் படிந்த மூட்டம் கலையும். சுவிட்ச் அனுப்பும் கரண்டைக் கோடுகளிடம் சேர்ப்பது ஓர் ஒயரின் வேலை.

ஒருநாள் அந்த ஒயரின் நுனி கண்ணாடியிலிருந்து கழன்றுவிட்டது. யாராவது பார்த்தால் அவமானம் என்று, அது கண்ணாடி ஓரத்திலிருந்த துணி உறைக்குள் நுழைந்துகொண்டது.

அதன்பின் சுவிட்சைத் தட்டியும் கண்ணாடி மூட்டம் படிந்து வெளுத்தே கிடந்தது. மெக்கானிக் பெனடிக்ட் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. "சுவிட்சுக்கு வயசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

சுவிட்ச் பதறிப்போய்ப் பின்பக்கம் பார்த்துக் கத்தியது: "ஒயர் தம்பி, நான் அனுப்புறது உனக்கு வருதா, இல்லையா? உள்ளதைச் சொல்லு."

கரண்டோ ஒயரின் நுனிவரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது.

"இங்க ஒண்ணும் வரலையேண்ணே" என்றது ஒயர்.

"அப்படியா?" சுவிட்சின் குரல் இறங்கிப்போனது. "அப்ப என்கிட்டதான் கோளாறு. என்னால நீயும் திட்டு வாங்கியிருப்பே. மன்னிச்சுக்கடா தம்பி."

"அதெல்லாம் பரவாயில்லண்ணே." சொல்லி முடித்ததும் ஒயருக்குத் தன் செம்புக் கம்பியெல்லாம் கூசியது.

பெனடிக்ட் சுவிட்சைக் கழற்றிக் குப்பை டப்பாவில் போட்டார். புதுசைப் பொருத்தித் தட்டினார். அதன் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது.

புது சுவிட்ச் கேட்டது: "ஒயரண்ணே, நான் இன்னிக்குத்தான் வந்தேன். அதுக்குள்ள என்ன தப்பு பண்ணினேன்?"

ஒயர் உறைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.