வலை உதறியவரின் படம்

போன வருடம் கனகசெட்டிக்குளம் மீனவ கிராமத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, கரையில் வலை உதறிக்கொண்டிருந்த குமாரவேலைச் சத்யப்பிரியா படம் எடுத்திருந்தாள். தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். இன்று அதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, வீட்டை விசாரித்து வந்து வாசலில் நிற்கிறாள். உள்ளே சுவரில் மாலையோடு ஒரு படம் தொங்குகிறது. முகம் மங்கி, யாரோ போலிருக்கிறது. "ஆதார் கார்டுல இருந்தத பெருசாக்குனோம். வேற போட்டோவே இல்ல," என்கிறாள் அவர் மனைவி வரலட்சுமி. சத்யப்பிரியா படம் இருக்கும் கவரை நீட்டுகிறாள். மீன் செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரலட்சுமி வாங்கிப் பிரிக்கிறாள். படத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பல் தெரியச் சிரிக்கிறார் குமாரவேல். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா அவரே பாத்திருப்பாரும்மா." வெளியே கடல் இரைகிறது. வரலட்சுமி சுவரைப் பார்க்கிறாள், கையிலிருப்பதைப் பார்க்கிறாள். "இதுக்கு நான் மாலை போட மாட்டேன்," என்று சொல்லி, பீரோவைத் திறந்து தன் புடவைகளுக்கு நடுவில் வைக்கிறாள்.