உள்ளே நின்ற குண்டு

ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட பழைய துப்பாக்கி அது. ஈயத்தை உருக்கி அச்சில் குண்டு வார்த்தவள் சந்திரமதி. தோட்டாக்களில் வெடிமருந்தை அளந்து போட்டவன் அவள் கணவன் துரைக்கண்ணு. துப்பாக்கி சுடும் கிளப்பில் ஒன்பதாவது முறை அவள் சுட்டபோது சத்தம் இருமல் போல அடங்கியது. இலக்கு அட்டையில் துளை விழவில்லை. மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. இன்னொரு முறை சுட்டால் குழல் வெடித்து முகத்தில் அடிக்கும்.

“கரண்டி பிடிக்கிற கைதானே, அட்டையே தப்பிடுச்சு!” என்றான் துரைக்கண்ணு. கிளப்பே சிரித்தது. “குடு இங்க, நான் காட்டுறேன்.”

கொடுத்தாள். அவன் அடுத்த தோட்டாவை ஏற்றி, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதித்தான். சந்திரமதி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“ஏங்க…” என்றாள்.

“பேசாத. குறி கலையும்.”