பழுது பார்க்க மட்டும்

“ரிப்பேருக்கு மட்டும்தான் வந்திருக்கேன்” என்றான் வாசலிலேயே. ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“உன்னை யாரு தங்கச் சொன்னா?” என்று கதவை அகலத் திறந்துவிட்டு, மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சண்டை போட்டுக்கொண்டு நண்பனின் அறைக்குப் போனவன் அவன். மூக்குக்கு மேல் இருந்த கோபத்தைக் காலையில் அவளுடைய ஒரே ஒரு போன் கரைத்துவிட்டது. கணினி துவங்கவில்லையாம். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டுகிறதாம். அவள் மொழிபெயர்த்த நாவலின் கடைசி அத்தியாயம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும்.

அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது அவன்தான். அந்தப் பெருமையை அவன் அளக்காத வீடு இல்லை.

சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவைச் செருகினான். லினக்ஸை நிறுவியதும் இதை வைத்துத்தான். இதை வைத்தே மீட்டுவிடலாம். அப்புறம் அவளாகவே வந்து, ‘நீ இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்’ என்று...

பொத்தானை அழுத்தினான்.

அவன் எதையும் தொடுவதற்கு முன்பே கணினி எழுந்து அவளுடைய முகப்புத்திரையைக் காட்டியது.

அவனுக்குக் காது சூடாகிவிட்டது.

கணினியைத் தட்டி எழுப்புகிற சின்ன நிரல் ஒன்று உண்டு. துவக்கி. அதைக் கணினிக்குள் இருக்கும் வட்டில் எழுத வேண்டும். அன்றைய அவசரத்தில் பென்டிரைவிலேயே எழுதித் தொலைத்திருக்கிறான்! அவனுடைய பாட்டெல்லாம் அதில் இருந்ததால், அது எப்போதும் கணினியின் முதுகிலேயே செருகிக் கிடந்தது. குட்டு வெளிப்படவில்லை. சண்டையன்று விறைப்பாகப் பிடுங்கிக்கொண்டு போனது அதைத்தான்.

அடுப்படியில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சாயங்காலக் கெடு கழுத்தைப் பிடிக்கும்போது ஒருத்திக்கு எப்படிப் பாட்டு வருகிறது?

“என்ன, பொழைக்குமா?”

“கொஞ்சம் சிக்கல்தான்” என்று முனகியபடி, அவள் எட்டிப்பார்ப்பதற்குள் கட்டளைச் சாளரத்தைத் திறந்து திரை முழுவதையும் கறுப்பாக்கினான்.

துவக்கியை வட்டில் எழுதச் சொல்லி ஒரு வரி தட்டினால் போதும். அதன் பிறகு பென்டிரைவ் இல்லாமலே இது எழும். அவனைக் கூப்பிட வேண்டிய அவசியமும் இருக்காது.

விரல் கொஞ்ச நேரம் தயங்கியது.

போகட்டும், செய்த தப்பைச் சரிசெய்யாமல் போவது நன்றாக இருக்காது. தான் அன்று தட்டிய தவறான வரியையே மேலே இழுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று மேல் அம்பு விசையை அழுத்தினான். இந்தக் கணினியில் கடைசியாகத் தட்டப்பட்ட கட்டளை வந்து நின்றது.

அவன் இப்போது தட்டவிருந்த அதே வரி. வட்டின் பெயர்கூடப் பிசகவில்லை. அவன் அதை இதில் தட்டியதே இல்லை. இந்தக் கணினியைத் தொடுகிற இன்னொரு ஆள் அவள்தான்.

பென்டிரைவை மெல்லப் பிடுங்கிவிட்டுக் கணினியை அணைத்து மறுபடி போட்டான். அது சமர்த்தாக எழுந்தது.

பாட்டு நின்றிருந்தது.

அவன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான்.

“ராத்திரி வரைக்கும் இழுக்கும்போல இருக்கு” என்று குரல் கொடுத்தான்.

“தெரியும். ரெண்டு பேருக்குத்தான் சமைச்சிருக்கேன்.”