துணைக்கு வந்தவள்

சக்கர நாற்காலி கதவு நிலையில் இடித்து நின்றது. அதில் உட்கார்ந்திருந்த அக்காளையும், பின்னாலிருந்து தள்ளிய தங்கையையும் பார்த்ததுமே நர்ஸுக்குக் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போல் ஆயிற்று.

மார்பகப் படம் எடுக்கும் மெஷினை மதியத்தோடு வேறு ஊருக்கு ஏற்றிப் போகிறார்கள். மறுபடி எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது. வெளியே இன்னும் வரிசை நிற்கிறது.

"சீக்கிரம் இதை மாட்டி விடுங்க" என்று அங்கி ஒன்றைத் தங்கையிடம் நீட்டினாள் நர்ஸ். தங்கை அசையவில்லை. அக்காள்தான் எட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா, இவங்க நிப்பாங்களா?"

"யாரைக் கேக்கறீங்க? என்னையா, அவளையா?" என்றாள் அக்காள்.

நர்ஸ் தங்கையின் முகத்தையே பார்த்துப் பேசினாள். "மெஷின் அவ்வளவு கீழே இறங்காது. நின்னாத்தான் படம்."

"தெரியும். போன தடவை அதைச் சொல்லித்தானே என்னைத் திருப்பி அனுப்பினீங்க."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"வராம? எங்கம்மாவுக்கு மார்ல கட்டி இருக்குன்னு தெரிஞ்சப்போ எல்லாம் கைமீறிப் போச்சு. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால ஆகாது. அதனால இன்னிக்கு..."

நர்ஸ் முடிக்க விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தங்கையிடம் சிடுசிடுத்தாள். "துணைக்கு வந்தவங்க நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? வாய்க்கென்ன பூட்டா?"

தங்கை கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். "போயிடலாமாக்கா?" என்றாள் மெல்ல.

"நீ தள்ளு. நேரா வா. இப்போ இடது கைப் பக்கம். போதும், நில்லு."

உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன அதிகாரம் என்று நினைத்துக்கொண்டாள் நர்ஸ். அதற்குள் நாற்காலி மெஷினை ஒட்டிப் போய்விட்டது.

"சொன்னா கேக்க மாட்டீங்களா? உங்களைத் தூக்கி நிறுத்த இங்க ஆள் இல்லம்மா."

அக்காள் அங்கியை உதறிப் பிரித்தாள். தங்கையின் கையைத் தேடிப் பிடித்து, அங்கியின் கைப்பகுதிக்குள் நுழைத்தாள்.

"இவ நல்லாவே நிப்பா, நர்ஸம்மா. கண்ணு தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வான்னு இவளையும்தான் திருப்பி அனுப்பினீங்க. துணைக்கு வந்தவ நான்."