பலகைக்குப் பக்கத்தில் நின்றவர்

“கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? படத்தை மறைக்கிறீங்க.”

மெல்பர்னிலிருந்து வந்திருந்த அந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டாள்.

அண்ணன் நகர்ந்தார்.

அவர் மறைத்துக்கொண்டிருந்தது அவருடைய படத்தைத்தான்.

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், ப்ரூம் நகருக்கு வடக்கே எங்கள் கடற்கரைக் காப்பகத்தில், செம்பாறை விளிம்போடு போகும் நடைபாதை தொடங்குமிடத்தில் அந்தப் பலகை இருக்கிறது. அதில் அண்ணன் ஒரு பெரிய சங்கை நீட்டிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பின்னால், எங்கள் பழங்குடி முன்னோர் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடாகக் கிடக்கும். கீழே ‘இம்மண்ணின் மக்கள்’ என்று எழுதியிருக்கிறது.

மக்கள் என்று நிற்பது அண்ணன் ஒருத்தர்தான்.

பெயர் போடவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இல்லை.

“பேரைப் போட்டிருந்தா படிச்சிட்டுப் போயிடுவாங்க. இப்ப என்னைக் கேட்டுத்தானே ஆகணும்?” என்பார்.

யாராவது ஒரு வெளியூர்க்காரர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘அட, நீங்கதானா? உங்க பேரென்ன?’ என்று கேட்க வேண்டும். ஒரே ஒருத்தர் போதும். அண்ணன் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மழை நின்று சாலை திறந்துவிட்டால் போதும், ஞாயிறுதோறும் குளித்துவிட்டு, படத்தில் போட்டிருக்கும் அதே நீலச் சட்டையை மாட்டிக்கொள்வார். நடுவில் இரண்டு பொத்தான்கள் இப்போது எட்டுவதில்லை. அதே சங்கை எடுத்துக்கொண்டு போய், பலகைக்குப் பக்கத்தில் அதே மாதிரி கையை நீட்டி நிற்பார். மடக்கு நாற்காலியையும் தேநீர் ஃபிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு நான் கூடப் போவேன்.

கேரவன்களில் கூட்டம் வரும். கடலைப் படம் எடுப்பார்கள். சிப்பி மேட்டைப் படம் எடுப்பார்கள். பலகையையும் எடுப்பார்கள். பிறகு அண்ணனிடம் வந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

“அண்ணே, படத்துல தாடி கறுப்பு, வயிறு உள்ள இருக்கு. உன்னைப் பார்த்தா அந்த ஆளோட அப்பான்னுதான் நினைப்பாங்க,” என்றேன் ஒருமுறை.

“அப்பான்னா மட்டும் என்னடா க்ளெம்? மகன் பேரைக் கேக்கக் கூடாதா?”

அன்று அந்த மெல்பர்ன் அம்மாள், நகர்ந்து நின்ற அண்ணனிடமே தன் கைப்பேசியை நீட்டினாள்.

“எங்க ரெண்டு பேரையும் பலகையோட ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா? அவர் முகம் நல்லாத் தெரியணும்.”

அண்ணன் சங்கை என்னிடம் கொடுத்தார். குனிந்து பார்த்தார். மண்டியிட்டுப் பார்த்தார். அந்த அம்மாளின் கணவரைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்.

“அவர் முகம் வந்திருக்கா?”

“வந்திருக்கும்மா. உங்களைவிட நல்லாவே வந்திருக்கு.”

வாங்கிப் பார்த்தவளுக்குத் திருப்தி. கணவர் பக்கம் திரும்பினாள். “பழைய படம் போல. பாவம், இந்த மனுஷன் இப்ப இருக்காரோ என்னவோ.”

“இருக்காரும்மா,” என்றார் அண்ணன். “இங்கதான் எங்கயாவது சுத்திக்கிட்டிருப்பாரு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நின்றுகொண்டு அவ்வளவு சிரிக்க முடியாது.

திரும்பும் வழியெல்லாம் அவர் தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். “தாடிதான்டா கெடுக்குது. அடுத்த ஞாயிறு மழிச்சிட்டு வரேன், அப்ப எப்படித் தப்பிக்கிறாங்கன்னு பாக்கறேன்.”

வியாழக்கிழமை படகைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

தாடியோடுதான் புதைத்தோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். இறந்தவரின் பெயரை யாரும் சொல்லக் கூடாது, முகத்தைக் காட்டக் கூடாது. துக்கம் முடிந்தது என்று குடும்பம் சொல்லும்வரை அப்படித்தான். ஊர்க் கால்பந்து அணித் தலைவனுக்கும் அண்ணனுடைய பெயர்தான். இப்போது ஒலிபெருக்கியில் அவனைச் சட்டை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் கோல் போட்டால் ஊரே எழுந்து நின்று “பதினேழு! பதினேழு!” என்று கத்துகிறது. அவன் அம்மாவும்தான்.

காப்பகத்தில் காவலராக இருக்கும் டெல்வின் எங்கள் சித்தி மகன். அவன் ஒரு பழுப்புத் தாளை வெட்டி, பலகையில் அண்ணனின் முகத்துக்கு மேல் ஒட்டினான். சங்கும் கையும் சட்டையும் மட்டும் வெளியே தெரிந்தன.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நான் அங்கே போனேன்.

முதலில் வந்த தம்பதி கடல் பக்கம் திரும்பக்கூட இல்லை. “யாருங்க இது? ஏன் மூடி வச்சிருக்கு?” என்றார்கள். பின்னாலேயே மாணவர்கள் சிலர் வந்து அதையே கேட்டார்கள். பிறகு ஒரு பேருந்து நிறைய ஆட்கள். எட்டிப் பார்த்தார்கள். தாளின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார்கள்.

முகம் தெரிந்த காலமெல்லாம் நிற்காதவர்கள், மூடியதும் வரிசையில் நின்றார்கள்.

“காலமாயிட்டாருங்க,” என்றேன் எல்லோரிடமும்.

பேருந்தில் வந்த ஒரு பெண் மட்டும் நகரவில்லை. தொப்பியைக் கழற்றினாள்.

“அடடா. அவர் பேர் என்னங்க?”

கேட்டே விட்டாள். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோழியிடம் திரும்பி, “இவருக்குத் தெரியல. பாவம், வெளியூர் ஆளா இருக்கும்,” என்றாள்.

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.