கைதட்டாத கூட்டம்

பந்து குழிக்குள் விழுந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவே இருக்கும் கோல்ஃப் திடல் அது. 1934 தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார ஆட்டக்காரரை எங்கள் நூர் முஹம்மது கடைசிக் குழியில் ஜெயித்துவிட்டான்.

இருபதடி தூரத்திலிருந்து தட்டிய பந்து. போகலாமா வேண்டாமா என்று குழியோரத்தில் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே போயிற்று. 

நான் குழியின் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். முன்னால் ஓடிப்போய்ப் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து வைப்பது என் வேலை. மாதா கோயிலில் வைத்த பெயர் மரியசெல்வம். திடலில் ஆகேவாலா, அதாவது முன்னால் போகிறவன்.

சுற்றிலும் நானூறு பேர். சாந்தோம் குப்பமே வலையைக் காயப்போட்டுவிட்டு, பாலம் தாண்டி நடந்தே வந்திருந்தது. நானும் நூரும் ஒன்றாகத் துரைமார்களின் மட்டைப் பை சுமந்தவர்கள். அவன் மீர்சாகிப்பேட்டையில் பிறந்தாலும் எங்கள் வீடுகளில் மீன்குழம்பு தின்று வளர்ந்தவன். குப்பத்துக்கு அவன் சொந்தப் பிள்ளை.

நூர் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்து உயர்த்தினான்.

யாரும் அசையவில்லை. அவன் முகம் சுண்டிப் போயிற்று.

நான் கொடியை ஆட்டினேன். கண்ணால் ஜாடை காட்டினேன். ம்ஹும். மீன்காரி கெங்கம்மா முந்தானைச் சுருட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தோணிக்கார முனியன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான். துரையின் நாற்காலியிலிருந்து பார்த்தால் எல்லாரும் கொட்டாவி விடுவது போலத்தான் தெரிந்திருக்கும்.

துரை என்றால் சீமை பிஸ்கட் கம்பெனியின் பெரிய துரை. அந்தப் போட்டிக்குக் கோப்பையும் பரிசும் கொடுத்தது அவர்கள்தான். முதல் வருஷம் மயிலாப்பூர் வக்கீல்கள் குடையும் வெற்றிலைச் செல்லமுமாக வந்தார்கள். இரண்டாம் வருஷம் அவர்கள் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்கள். மூன்றாம் வருஷம் துரை தானே நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார். ஜனங்களுக்கு ஆட்டம் பிடித்திருந்தால் கோப்பை தொடரும். பிடிக்காவிட்டால் அதோடு சரி. கோப்பை நின்றால் நூர் ஆட்டக்காரனாகப் பிழைக்க முடியாது. மறுபடியும் அதே திடலில் பை சுமக்க வேண்டியதுதான்.

கம்பெனி ஏஜெண்ட் சுப்பராமன் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடி வந்தார்.

"ஏண்டா, இவாளுக்கெல்லாம் நாக்கு செத்துப் போச்சா? துரை எழுந்துண்டுட்டார். நீயாவது ஒரு சத்தம் போடேண்டா!"

நான் வாயைத் திறக்கவில்லை.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோப்பையை நூர் கையில் கொடுத்தார், காரில் ஏறினார். அடுத்த வருஷம் அந்தக் கோப்பை குதிரைப் பந்தயத்துக்குப் போயிற்று. நூர் இப்போது பை சுமக்கிறான்.

அன்றைக்குக் கூட்டம் ஒரு முனகல்கூட இல்லாமல் மைதானத்தை விட்டு வெளியே நடந்தது. கோப்பையை இடுக்கிக்கொண்டு நூரும் நானும் கடைசியாக வந்தோம். கார் அதற்குள் மர்மலாங் பாலத்தைத் தாண்டியிருக்கும்.

வாசலுக்கு வெளியே கால் வைத்தோம். அப்போதுதான் அந்தச் சத்தம் கிளம்பியது.

நானூறு தொண்டை. ஜட்கா வண்டிக் குதிரைகள் மிரண்டன. கெங்கம்மா போட்ட குலவை சைதாப்பேட்டை வரை கேட்டிருக்கும். முனியன் நூரைத் தோளில் தூக்கிவைத்து ஆடினான். நூர் சிரித்தான், அழுதான், கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அவ்வளவு அழகாக அவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

தோளிலிருந்தே என்னைக் குனிந்து பார்த்துக் கேட்டான். "ஏம்பா செல்வம், இத்த உள்ள கத்தியிருந்தா இன்னா?"

நான் சிரித்து மழுப்பினேன். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷப் போட்டியில் அவன் மட்டையை ஓங்கிய நேரம் பார்த்து "அட்றா ராஜா!" என்று கெங்கம்மா கத்த, பந்து குளத்துக்குள் போய் அவன் தோற்றான். மறுபடி அப்படி ஆகிவிடக்கூடாதே என்று, போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குப்பம் முழுவதையும் மாதா கோயில் வாசலுக்குக் கூட்டிப் போனேன். மாரியாத்தாவைக் கும்பிடுகிறவர்களும் வந்தார்கள். மைதானத்து வாசலைத் தாண்டும் வரை வாய் திறக்க மாட்டோம், கை தட்ட மாட்டோம் என்று ஒவ்வொருவராக மெழுகுவத்தி மேல் கைநீட்டிச் சத்தியம் செய்தார்கள்.

முதலில் கை நீட்டியவன் நான்.